தலைவர் வீட்டுக் கையிருப்பு

ஒரு தேசம் தலைநிமிர்ந்து நிற்பது படையாலும் அல்ல, கொடியாலும் அல்ல. தன் வீட்டு எரிவாயுவைத் தானே எரிக்காமல் வைத்திருக்கும் மனவுறுதி படைத்த குடும்பத் தலைவர்களால்தான். இந்த மகத்தான உண்மையை லலித்பூர் நகரத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தவர் தீர்கராஜ் லம்சால், இணைச் செயலாளர் (ஓய்வு). கண்டுபிடித்ததோடு நிற்காமல் அதைத் தன் சொந்தச் சமையற்கட்டில் சோதித்தும் காட்டினார். அந்தச் சோதனையை அவர் வீட்டார் இன்றும் மறக்கவில்லை. மறக்கச் சொல்லி அவர் பலமுறை கேட்டுக்கொண்டும் மறக்கவில்லை.

அரசாங்கத்தில் அவருடைய துறை 'முன்னேற்பாடு'. ஒருமுறை தெற்குச் சமவெளியான தெராய்ப் பக்கத்து வெள்ளத்துக்காக முன்கூட்டியே படகுகள் வாங்கி, அவை சேதமாகிவிடக் கூடாது என்று கிடங்கில் வைத்துப் பூட்டினார். வெள்ளம் வந்தது, போனது. படகுகளில் ஒரு கீறல்கூட இல்லை. அரசாங்கச் சொத்தை இப்படிக் கண்ணுங்கருத்துமாகக் காத்ததற்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஓய்வு பெற்றபின் அந்தத் திறமையைக் கொட்ட இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு, அந்த வருஷத்து நிலநடுக்கம் ஒரு வாய்ப்பாக அமைந்தது. அவர் குடியிருந்த தொச்சேன் சந்தில் பாதி வீடுகள் உட்கார்ந்துவிட்டன. மீதி வீடுகள் விரிசலோடு நின்றன. மற்றவர்கள் செங்கல் பொறுக்கவும் தகரம் வாங்கவும் அலைந்தபோது லம்சால் மட்டும் தொலைநோக்கோடு சிந்தித்தார்.

"அடுத்து எரிபொருள்தான்," என்றார் மனைவியிடம்.

பிஷ்ணுமாயா விரிசல் விட்ட சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எரிபொருளுக்கு என்ன?"

"தட்டுப்பாடு வரும். நாம ஒரு கையிருப்பு உருவாக்கணும்."

"முதல்ல இந்தச் சுவருக்கு ஒரு முட்டு உருவாக்குங்க."

"சுவர்ங்கிறது தனிப்பட்ட பிரச்சினை, சுயோக் அம்மா. எரிபொருள் கொள்கைப் பிரச்சினை."

மழைக்காலம் முழுவதும் கையிருப்பு வளர்ந்தது. எரிவாயு ஏஜென்சிக்காரர் ஒருவர் லம்சால் பதவியில் இருந்தபோது அவருக்குக் கடமைப்பட்டவர். சிலிண்டர்களை ஒவ்வொன்றாக அனுப்பி வைத்தார். கீழ்த்தளத்தில் பிஷ்ணுமாயா முள்ளங்கி ஊறுகாய் ஜாடிகளை வைத்திருந்த அறை காலி செய்யப்பட்டது. ஜாடிகள் மாடிப்படிக்குப் போயின. சிலிண்டர்கள் ஊறுகாய் அறைக்கு வந்தன. மொத்தம் பதினொன்று. மேலே பழைய பஞ்சுப் போர்வையான ரஜாய் ஒன்றைப் போர்த்திக் கதவுக்குக் கொண்டி அடித்துப் பூட்டுப் போட்டார். சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். அதுவரை அந்தப் பூணூலுக்கு இவ்வளவு பொறுப்பான வேலை எதுவும் கிடைத்ததில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு மேஜையில் 'குடும்ப எரிபொருள் கையிருப்பு மேலாண்மைக் குழு' முறைப்படி அமைக்கப்பட்டது. தலைவர், லம்சால். உறுப்பினர், பிஷ்ணுமாயா. மகன் சுயோக் கத்தாரில் இருந்தான். எரிவாயுவைத் தரையிலிருந்து உறிஞ்சி எடுத்து உலகத்துக்கே விற்கிற தேசத்தில் வேலை பார்த்ததால் அவன் 'வெளிநாட்டு ஆலோசகர்' ஆனான். அவன் மனைவி மெனுகா அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அவளுக்கு 'சிறப்பு அழைப்பாளர்' என்ற தகுதி கொடுக்கப்பட்டது. கூட்டத்தில் உட்காரலாம், ஓட்டுப் போட முடியாது.

இலையுதிர் காலத்தில் எல்லையில் லாரிகள் நின்றுபோயின. பெட்ரோல் இல்லை, டீசல் இல்லை, எரிவாயு இல்லை. நகரம் இருந்த பள்ளத்தாக்கு முழுவதும் அடுப்புகள் அணைந்தன. கையும் காலும் முளைத்தாற்போல சிலிண்டர்கள் தெருவுக்கு வந்து, ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டப்பட்டு, ஏஜென்சி வாசலில் வரிசையாக உட்கார்ந்தன. செய்தியைக் கேட்டபோது லம்சாலின் முகத்தில் தெரிந்த நிம்மதியை, நாட்டின் துன்பத்தில் மகிழ்ச்சி என்று சிறிய மனசுக்காரர்கள் சொல்லக்கூடும். அது அப்படியல்ல. தான் சொன்னது பலித்த ஒரு நிபுணரின் அடக்கமான நிறைவு அது.

பிஷ்ணுமாயாவுக்கும் அன்று முதன்முதலாகக் கணவர்மேல் மதிப்பு வந்தது. "நல்லவேளை வாங்கி வெச்சீங்க," என்றாள். "அடுப்புல இருக்கிறது நேத்தே தீந்துபோச்சு. ஒண்ணை எடுத்துக் குடுங்க, பருப்பு வைக்கணும்."

"எதை எடுக்கிறது?"

"சிலிண்டரை."

லம்சால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அவசரநிலைக்காக வெச்சிருக்கிறது."

"இது என்னவாம்?"

"இது தட்டுப்பாடு. தட்டுப்பாடு வேற, அவசரநிலை வேற. தட்டுப்பாட்டுக்கே கையிருப்பைத் தொட்டுட்டா, அவசரநிலை வரும்போது அதை எந்த முகத்தோட வரவேற்கிறது?"

பிஷ்ணுமாயா அவலை ஒரு தட்டில் கொட்டி, தயிரை ஊற்றி, அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். தேசத்துக்காக ஒரு குடும்பம் மேற்கொண்ட விரதம் அப்படித்தான் தொடங்கியது.

கையிருப்பு வைத்திருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அது இருப்பது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. ஆகவே இல்லாதவர்களைப் போல நடந்துகொள்வது லம்சால் வீட்டின் அன்றாட வேலைத்திட்டமாயிற்று. தீர்ந்துபோன அந்த ஒற்றைச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, டாக்கா தொப்பியும் கம்பளிச் சால்வையுமாக, தினமும் அவர் ஏஜென்சி வரிசையில் போய் நின்றார். மொட்டை மாடியில் ஒரு மண்ணடுப்பு வைத்து ஈர விறகைக் கொளுத்தச் சொன்னார். அதில் சமைக்க வேண்டியதில்லை. புகை மட்டும் வந்தால் போதும். கர்ப்பிணி மருமகள் இருமினாள். அந்த இருமல் அக்கம்பக்கத்துக்குக் கேட்டது என்பதையும் ஒரு கூடுதல் நன்மையாக அவர் குறித்துக்கொண்டார்.

வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவள் ஹீராதேவி மஹர்ஜன். நிலநடுக்கத்தில் வீடு போய், அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டு வாழ்பவள். இடிந்த வீட்டின் மரங்களை உடைத்துத்தான் அவள் அடுப்பெரித்தாள்.

"ஹஜூர், உங்க மாடியில வர்ற புகையப் பாத்தா பச்சை மரம் எரியிற மாதிரி இருக்கு," என்றாள். "காஞ்ச விறகு வேணுமா? எங்க வீட்டு உத்திரம் இன்னும் ரெண்டு கெடக்கு. பாட்டன் காலத்து சால் மரம். நல்லா நின்னு எரியும்."

"உங்களுக்கு வேணாமா?"

"எனக்கு இன்னும் ஜன்னல் பாக்கியிருக்கு. சித்திர வேலை செஞ்ச ஜன்னல். நேத்து மயில் மூக்க ஒடிச்சு டீ போட்டேன், என்ன ருசிங்கிறீங்க."

அந்தப் பெருந்தன்மை லம்சாலைத் தொட்டது. இரண்டு உத்திரங்களையும் ஆள் வைத்துத் தூக்கிவந்து ஊறுகாய் அறையில் கையிருப்போடு சேர்த்தார்.

வரிசையில் நின்றபடியே அவர் பேசிய பேச்சுகளும் வீண்போகவில்லை. தியாகம், சிக்கனம், பதுக்குபவர்களின் ஈனத்தனம் முதலிய பொருள்களில் அவர் பேசியதைக் கேட்டுச் சந்துக்காரர்கள் உருகினார்கள். 'தொச்சேன் சந்து எரிபொருள் பகிர்வுக் குழு'வுக்கு அவரையே தலைவராக்கினார்கள். செயலாளர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் மான்பஹாதூர் குருங். எழுதியிருப்பதை எழுதியபடியே செய்து பழகிய மனிதர்.

யாரோ பதுக்கியிருக்கிறார்கள் என்று சந்துக்குள் ஒரு பேச்சு கிளம்பியபோது தலைவர் உடனே செயலில் இறங்கினார். 'பதுக்கல் ஒழிப்பு விதிகள்' அவரே எழுதினார். முதல் விதி இது: சோதனை தலைவர் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். கூட்டம் கைதட்டியது. எந்த அலுவலகத்திலும் எழுதப்பட்ட விதியை யாரும் செய்துபார்த்தது கிடையாது என்பது அவருடைய வாழ்நாள் அனுபவம். சுபேதார் மட்டும் அந்த விதியை வாயசைத்து இருமுறை படித்து மனப்பாடம் செய்துகொண்டதை அவர் கவனிக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு நாள் மத்தியானம் மறுபடியும் பூமி ஆடியது. சந்தே வெளியே ஓடியது. நிறைமாத மெனுகாவை ஒரு கையால் அணைத்துக்கொண்டு பிஷ்ணுமாயா படியிறங்கினாள். கீழே வாசலில் எதிரே கணவர் வந்தார். தாங்கிப் பிடிக்க வருகிறார் என்று நினைத்து மறு கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தாண்டி ஊறுகாய் அறைக்குள் ஓடினார். ஆட்டம் நின்றபின், தூசியும் வியர்வையுமாக, வெற்றிப் புன்னகையோடு வெளியே வந்தார்.

"ஒண்ணும் ஆகல," என்றார் தாழ்ந்த குரலில். "பதினொண்ணும் பத்திரம்."

தெருவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மெனுகா தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிஷ்ணுமாயா பார்க்கவே இல்லை.

பூஸ் மாதக் குளிரில் குழந்தை பிறந்தது. பெண். எடை குறைவு. "பிள்ளையைச் சூடா வெச்சுக்கங்க, தாய்க்கும் சூடா குடுங்க," என்று சொல்லி அனுப்பினாள் ஆஸ்பத்திரி நர்ஸ். பிரசவம் ஆனவளுக்கு ஓமச் சாறு வேண்டும், நெய் விட்ட சோறு வேண்டும், கடுகெண்ணெயைச் சுடவைத்துத் தேய்க்க வேண்டும், வெந்நீர் வேண்டும். மின்சாரமோ வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மாடியில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள் பொழுது போய்விடும்.

பிஷ்ணுமாயா கணவர் முன்னால் வந்து நின்றாள். அவள் எதையும் அவரிடம் நின்று கேட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

"ஒரு சிலிண்டர் வேணும்."

"குழுவில் வெச்சுப் பேசுவோம்."

"குழுவுல நானும் நீங்களும்தான் இருக்கோம். பேசுங்க."

லம்சால் யோசித்தார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதிகள் அவரைக் கட்டியிருந்தன. "பிரசவம்ங்கிறது ஒன்பது மாசத்துக்கு முன்னாலயே தெரிஞ்ச நிகழ்ச்சி, சுயோக் அம்மா. முன்கூட்டியே தெரிஞ்ச எதுவும் அவசரநிலை ஆகாது. அதுக்கு நீங்க தனியா ஒரு ஏற்பாடு செஞ்சு வெச்சிருக்கணும்."

"பிள்ளை குளிர்ல வெடவெடன்னு நடுங்குது."

"குளிர்காலம்கூட முன்கூட்டியே தெரிஞ்ச நிகழ்ச்சிதான்."

"அப்போ எதுதான் அவசரநிலை?"

இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. நியாயமான கேள்வி. இதற்கு முறையான வரையறை இல்லாமல் இவ்வளவு நாள் ஒரு கையிருப்பை நடத்திவந்திருக்கிறோமே என்று வெட்கப்பட்டார். உடனே சந்துக் குழுவின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். பொருள்: 'அவசரநிலை என்றால் என்ன?'

இளைஞர் மன்ற அறையில் மறுநாள் காலை கூட்டம் நடந்தது. பனி வெளியே வெள்ளைச் சுவர்போல நின்றது. எல்லோரும் சால்வைக்குள் சுருண்டிருந்தார்கள்.

"சண்டை மூண்டா அவசரநிலையா, ஹஜூர்?" என்று சுபேதார் தொடங்கிவைத்தார்.

"சண்டைன்னா முதல்ல பேச்சுவார்த்தை நடக்கும், முறியும், அப்புறம் மூளும். நேரம் இருக்கு. ஆகாது."

"வீடு இடிஞ்சா?" என்றாள் ஹீராதேவி.

"உங்க வீடு ஏற்கெனவே இடிஞ்சது. இடிஞ்ச வீடு மறுபடி இடியாது. அது கடந்தகால நிகழ்ச்சி."

"பட்டினி கெடந்தா?"

"பட்டினி படிப்படியா வர்றது. அவசரம்ங்கிறது திடீர்னு வரணும்."

"திடீர்னு செத்துப்போனா?"

"செத்தவருக்கு எரிபொருள் தேவைப்படாது."

"தேவைப்படும் ஹஜூர்," என்றார் சுபேதார் மிகுந்த மரியாதையோடு. "பாக்மதி ஆத்தங்கரைச் சுடுகாட்டுல."

தலைவர் அந்தக் கருத்தைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்போது எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். "ஹஜூர், உங்க வீட்ல உங்களை வரச் சொல்றாங்க. உடனே."

"கூட்டம் நடக்குது. முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லும்மா."

அவள் போனாள். வரையறையில் 'திடீரென' என்ற சொல் வேண்டுமா, 'எதிர்பாராத விதமாக' என்பது போதுமா என்ற விவாதம் சூடுபிடித்தது. அந்த அறையில் சூடாக இருந்தது அது ஒன்றுதான். அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். மறுபடியும் அதே பதில். மூன்றாவது முறை வந்தபோது அவரிடம் எதுவும் கேட்காமல் ஹீராதேவியின் காதில் ஏதோ சொன்னாள். ஹீராதேவி சால்வையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். உறுப்பினர்கள் பாதிக் கூட்டத்தில் எழுந்து போவது ஒழுங்குக் குறைவு என்று தலைவர் வருத்தம் தெரிவித்தார்.

இறுதியில் வரையறை நிறைவேறியது. 'அவசரநிலை என்பது இதுவரை நடந்திராததும், எவரும் எதிர்பாராததும், உரிய தலைவரால் நேரில் கண்டு அறிவிக்கப்படுவதுமான நிகழ்ச்சியாகும்.' ஒருமனதாக. குளிர் தாங்காமல் எல்லோரும் சீக்கிரம் கை தூக்கிவிட்டார்கள்.

அந்த வரையறையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி வீட்டுக்கு வந்த லம்சாலுக்கு மெனுகாவின் அறை வித்தியாசமாகப் பட்டது. கதகதப்பாக இருந்தது. குழந்தை கம்பளிக்குள் தூங்கியது. அதன் காலடியில் வெந்நீர்ப் பை. மனைவியும் மருமகளும் ஹீராதேவியும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மெனுகாவின் கண்கள் சிவந்திருந்தன.

"எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார்.

"இப்போ ஒண்ணுமில்ல," என்றாள் பிஷ்ணுமாயா.

"வெந்நீர் ஏது?"

"எங்க வீட்டு ஜன்னல்," என்றாள் ஹீராதேவி. "மயிலோட இன்னொரு ரெக்கை."

லம்சால் திருப்தியடைந்து கீழே போனார். பூட்டைத் தொட்டுப் பார்த்தார், பூட்டியபடியே இருந்தது. திறந்து உள்ளே போய், விளக்குப் போட்டால் ஜன்னல் வழியே வெளிச்சம் தெரியும் என்பதால் இருட்டிலேயே ரஜாய்க்கு மேலாகத் தடவி எண்ணினார். பதினொன்று.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு மாறுதல் தெரிந்தது. மருமகள் அறையிலிருந்து ஓம வாசனை வந்தது. சில நாள் நெய்யில் வெந்தயம் பொரியும் வாசனைகூட வந்தது. கேட்டால் ஹீராதேவியின் ஜன்னல் என்றார்கள். அந்த ஜன்னல் தீரவே தீராத ஜன்னலாக இருந்தது. சந்திலும் மாறுதல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குக்கர் சத்தம் கேட்டது. ஏஜென்சி வரிசையில் தொச்சேன் சந்துக்காரர்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் தலைவர் மட்டும் தன் காலிச் சிலிண்டரோடு நின்றார். தன் பேச்சுகளைக் கேட்டு மக்கள் சிக்கனத்துக்குப் பழகிவிட்டார்கள் என்று முடிவு செய்தார். அவருடைய தட்டில் மட்டும் அவலும் தயிரும் தொடர்ந்தன. "நீங்க குழுத் தலைவர், நீங்களே விதியை மீறக் கூடாது," என்று பிஷ்ணுமாயா சொல்லிவிட்டாள். அவர் மறுக்கவில்லை. மறுக்க முடியவில்லை என்றும் சொல்லலாம்.

ஒரு சனிக்கிழமை காலை, வெயிலில் உட்கார்ந்து கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் சுபேதார் குருங் வந்து விறைப்பாக நின்றார். பின்னால் சந்து முழுவதும்.

"சோதனைக்கு வந்திருக்கோம், ஹஜூர்."

"என்ன சோதனை?"

"பதுக்கல் ஒழிப்பு விதி, முதல் விதி. தலைவர் வீட்லேர்ந்து தொடங்கணும்."

"அது ஒரு வழிகாட்டும் கோட்பாடு, சுபேதார் சாப்."

"எழுத்துல கட்டளை மாதிரி இருந்துச்சு, ஹஜூர்."

"இன்னிக்கு சனிக்கிழமை. விடுமுறை நாள்ல அலுவல் செய்யக் கூடாது."

"பட்டாளத்துல சனிக்கிழமை கெடையாது, ஹஜூர்."

லம்சால் மனைவியைத் தேடினார். அவள் வாசற்படியில் அமைதியாக முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். சுபேதார் ஊறுகாய் அறைக் கதவின் முன்னால் போய் நின்றார். "சாவி, ஹஜூர்."

"அதுல ஊறுகாய் ஜாடிதான் இருக்கு."

"ஜாடியெல்லாம் மாடிப்படியில இருக்கே," என்றாள் பிஷ்ணுமாயா, தலை நிமிராமல்.

பூணூலிலிருந்து சாவி அவிழ்வதற்கு நெடுநேரம் பிடித்தது. கதவு திறந்தது. சுபேதார் ரஜாயின் முனையைப் பிடித்து இழுத்தார். பதினோரு சிலிண்டர்களும் அணிவகுத்து நிற்கும் சிப்பாய்களைப் போல வெளிச்சத்துக்கு வந்தன. இணைச் செயலாளர் பதவி, டாக்கா தொப்பி, வரிசையில் பேசிய பேச்சு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக லம்சாலின் கண்முன் சரிந்தன. யாராவது கத்துவார்கள், யாராவது கல்லெடுப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் ஒன்றும் செய்யவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

சுபேதார் முதல் சிலிண்டரைப் பிடித்துத் தூக்கினார். அது பூனைக்குட்டிபோல ஒரு கையோடு வந்தது. ஆட்டிப் பார்த்தார்.

"காலி," என்றார்.

இரண்டாவதும் காலி. மூன்றாவதும். கடைசிவரை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒவ்வொன்றுக்கும் "காலி" என்று உரத்து அறிவித்தார். உத்திரங்கள் இருந்த இடத்தில் கொஞ்சம் மரத்தூள் மட்டும் இருந்தது.

அப்போதுதான் லம்சால் கதவைப் பார்த்தார். பூட்டு நல்ல பூட்டு. கொண்டியைப் பிடித்திருந்த திருகாணிகள் மட்டும் அடிக்கடி கழற்றி மாட்டியதில் தலை தேய்ந்து பளபளவென்று இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காலிச் சிலிண்டர் இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிறைந்ததை எடுத்துப்போக ஒரு திருப்புளியும் ஒரு மனுஷியும் போதும்.

"திரு..." என்று தொடங்கினார். 'திருடிவிட்டார்கள்' என்று முடிக்கவேண்டிய வாக்கியம். என்ன திருடினார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அரசாங்கத்தில் அத்தனை வருஷம் இருந்தவருக்கு அடுத்த கேள்வி எது என்று தெரியாதா? வாயை மூடிக்கொண்டார். பதுக்கல்காரன் என்று பெயர் வாங்குவதா, முட்டாள் என்று பெயர் வாங்குவதா என்ற நெருக்கடியில் அவர் திணறிக்கொண்டிருந்தபோது பிஷ்ணுமாயா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதெல்லாம் நம்ம சந்துக்காரங்க காலி சிலிண்டர்தானே," என்றாள். "தெருவுல கெடந்தா திருடு போயிடும்னு இவர்கிட்ட பத்திரமா வெச்சுக்கச் சொன்னீங்க. இல்லீங்களா, சுயோக் அப்பா?"

சந்து முழுவதும் அவரைப் பார்த்தது.

"ஆமா," என்றார் லம்சால். தொண்டையைச் செருமிக்கொண்டார். "பத்திரமா வெச்சிருக்கேன்."

"ரொம்பப் பத்திரமா," என்றாள் ஹீராதேவி.

சுபேதார் விறைப்பாகச் சல்யூட் அடித்தார். காலிச் சிலிண்டருக்குள் இருக்கும் வெறும் காற்றைக்கூட இவ்வளவு பொறுப்பாகக் காவல் காத்த ஒருவரைத் தன் சேவைக் காலத்தில் பார்த்ததில்லை என்றார். அவர் வீட்டிலும் அந்தக் குளிர்காலத்தில் குக்கர் கூவியிருந்தது. யாரோ ஓடிப்போய்ச் சாமந்தி மாலை வாங்கிவந்தார்கள். தலைவருக்கு அங்கேயே, ஊறுகாய் அறை வாசலிலேயே, பாராட்டுக் கூட்டம் நடந்தது. ஹீராதேவியே மாலை போட்டாள். கைதட்டல் ஓயவில்லை.

இங்கேதான் பெரிய மனிதர்களுக்கே உரிய அந்தக் குணம் தலைகாட்டியது. பத்து நிமிடத்துக்கு முன்பு ஓடி ஒளிய இடம் தேடியவர், மாலை கழுத்தில் விழுந்ததும் நிமிர்ந்தார். கைதட்டலைக் கேட்கக் கேட்க, தான் உண்மையிலேயே ஏதோ செய்திருப்பதாக அவருக்கே பட்டது. இரண்டு வார்த்தை பேச ஒப்புக்கொண்டார்.

"அன்பார்ந்த சகோதர சகோதரிகளே," என்றார். "முன்னேற்பாடு என்பது ஒரு தவம். நம் வீட்டார்கூட அதைப் புரிந்துகொள்ளாமல் நம்மை ஏசலாம். நான் கலங்கவில்லை. இந்தக் கடுமையான குளிர்காலத்தில் நம் சந்தில் ஒரு குறையும் நேரவில்லை. நாட்டில் எங்கெங்கோ என்னென்னவோ நடந்தது. ஆனால் நம் தொச்சேன் சந்தில், அதிலும் குறிப்பாக என் இல்லத்தில், அவசரநிலை என்ற ஒன்று கடைசிவரை வரவே இல்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்ட எழுந்த கைகள் பாதியில் நின்றன. மாடிப்படியில், ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில், குழந்தையைத் தோளில் சாய்த்தபடி மெனுகா நின்றுகொண்டிருந்தாள். வாக்கு உரிமை இல்லாத சிறப்பு அழைப்பாளர் அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

"வந்துச்சுப்பா," என்றாள் மாமனாரிடம். குரலை உயர்த்தவில்லை. "அவசரம்னா என்னன்னு நீங்க கூட்டம் போட்டிருந்த அன்னிக்குக் காலையில வந்துச்சு. பாப்பா உடம்பு ஐஸா ஆயிடுச்சு. உதடு நீலமாயிடுச்சு. பால் குடிக்கல, அழக்கூட இல்ல. உங்களுக்கு மூணு தடவை ஆள் அனுப்பினோம்."

லம்சாலின் கை தானாகப் பூணூலைத் தேடிப் போனது.

"அப்புறம் அம்மா திருப்புளியை எடுத்தாங்க," என்றாள் மெனுகா. "அவசரத்துக்கிட்ட, தலைவர் வெளிய போயிருக்காரு, அவர் நேர்ல பாக்காம உன்னை அறிவிக்க முடியாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டோம்."